இடைவெளி அண்ணன்

மென்பொருள் குழு என்று ஒன்று இருந்தால் அதில் இப்படி ஒருவர் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் கம்போங் ராஜாவில், மலைமேல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் ப்ளூ வேலி தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம். எங்கே பார்க்கிறார்? கண் முழுக்க என் ஸ்கிரிப்ட்டின் எண்பதாவது எழுத்தில்தான்.

பைத்தானுக்கு 2001இல் கைடோ வான் ரோசம் முதலானோர் எழுதிய ‘பெப் 8’ நடைக் கையேடு அவருக்கு வேதம். வரிக்கு 79 எழுத்து, உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளி. விதியைக் கட்டிக்கொண்டு அழாதே என்றும் அதே கையேடு ஆரம்பத்திலேயே சொல்கிறது. அந்த இடத்தில் மட்டும் அண்ணனுக்குப் பனிமூட்டம்.

தாத்தா தோட்டத்தில் கங்காணியாம். கூடையைக் கிளறி, இரண்டு இலை ஒரு மொட்டுக்கு நடுவே முற்றின இலை தென்பட்டால் எடையில் கழித்துவிடுவாராம். பேரனுக்குக் கூடை கிடைக்கவில்லை, நான் கிடைத்தேன்.

லினக்ஸின் எஃப்டிரேஸ் பதிவைப் படித்து, எந்த வேலை சிபியுவுக்காக எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தது என்று சொல்லும் ஸ்கிரிப்ட் என்னுடையது. எஃப்டிரேஸ் நேரத்தை நொடியில் எழுதும், புள்ளிக்குப் பின் ஆறு இலக்கத்தோடு. மைக்ரோ நொடியாக்கப் பத்து லட்சத்தால் பெருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஆயிரத்தால் பெருக்கியிருக்கிறேன். அப்போது எனக்கே தெரியாது.

சரிபார்க்க அண்ணனுக்கு அனுப்பினேன். இருபத்து மூன்று குறிப்புகள் வந்தன. “கமாவுக்குப் பின்னால இடைவெளி எங்க தம்பி?” “மாறிக்குப் பேரு வெறும் ‘டி’யா? இது ஸ்கிரிப்ட்டா, டீக்கடையா?” பதினேழாவது குறிப்பு அந்தப் பெருக்கல் வரிக்கே: “குறிக்கு ரெண்டு பக்கமும் இடம் விடு.” விட்டேன். “இப்பதான் பார்க்க அழகா இருக்கு” என்று ஒப்புதல் தந்தார்.

மறுநாள் நாலு மில்லி நொடி காத்துக்கிடந்த வேலை, அறிக்கையில் நாலே மைக்ரோ நொடி என்று வந்து நின்றது. போன் போட்டேன்.

“அண்ணே, அந்த வரியை நீங்க பார்த்தீங்கதானே?”

“பார்த்தேனே. நல்லாத்தான் இருந்துச்சு. நீ சொல்றது கணக்குலா தம்பி, நான் பார்க்கிறது இடைவெளி.”

வைக்கப் போனவர், “ஒரு நிமிஷம்” என்றார். மனசு கேட்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

“மூணு சைபர் சேர்க்கிறப்ப, வரி 79ஐத் தாண்டாம பாத்துக்க.”