வாங்கு எண்டால் வாங்கிறதோ?

இருங்கோ பிள்ளையள், இருங்கோ. இருக்க ஒண்டும் இல்லையெண்டு எனக்கும் தெரியும். அதுக்குத்தானே ஒன்பது பேர் சனசமூக நிலையத்துக்குப் பின்னாலை வாளும் உளியுமாய் நிக்கிறியள். வகுப்பெண்டு அறிவித்தல் ஒட்டின நாள் தொடக்கம் பார்க்கிறன். முதல் கிழமை படம் எடுத்தியள். அடுத்த கிழமை ரீ குடிச்சியள். இண்டைக்குத்தான் மரத்திலை கை பட்டிருக்கு. என்னட்டைப் புத்தி கேக்க ஒருத்தரும் வரேல்லை. அதாலை நானே கொண்டு வந்தனான்.

வளவுக்கை போட மலிவாய் ஆளுக்கொரு வாங்கு அடிக்கப் போறியளாம். நல்லது. ஆனால் வாங்கு எண்டு சொன்ன உடனை எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கிப் போட்டியளே! புது வாள் ஒன்பது, புதுச் சீவுளி ஒன்பது. ஒருத்தன் சீவேக்கை எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நிக்கிறியள். ஒரு சீவுளி போதாதோ? கூடிப் படிக்கிறதிலை மிச்சம் பிடிக்கிறதே ஆயுதத்திலைதான். அந்த வாங்கு எண்ட சொல்லும் எங்கடையில்லை, பறங்கியன்ரை. கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் அவன் விட்டுட்டுப் போன சொல்லுகள். 1619இலை யாழ்ப்பாண அரசைப் பிடிச்சவன், 1658இலை ஒல்லாந்தனிட்டைக் கோட்டையைக் குடுத்துட்டு நடையைக் கட்டினான். கோட்டை போச்சு, கதிரை நிண்டுட்டுது. இண்டைக்கும் அதுக்குத்தானே அடிபிடி.

மரத்துக்கு வருவம். வெயிலிலையும் மழையிலையும் கிடக்கிற சாமானுக்கு முதிரையும் பாலையும்தான் எண்டு உங்கடை வாத்தியார் சொன்னவராம். உண்மைதான். வன்னியிலையிருந்து அதைக் கொண்டுவர முடிக்கிற காசுக்கு, வாங்கிலை நீங்கள் இருக்கேலாது. வாங்குதான் உங்களிலை ஏறி இருக்கும். பனையைத் தறிப்பமெண்டு அங்கை ஒரு தம்பி அண்ணாந்து பார்க்கிறார். தம்பி, பனை தறிக்க அனுமதி வேணும். அந்தக் கடுதாசி வர முதல் உமக்குக் கலியாணம் முடிஞ்சிடும். ஊரைச் சுத்திப் பாருங்கோ. ஓட்டு வீட்டை இடிச்சுக் கொங்கிறீற் போடுற இடமெல்லாம் பழைய பனஞ்சிலாகை குவிஞ்சு கிடக்கு, அடுப்புக்குப் போகுது. அம்பது வரியம் கூரையிலை காய்ஞ்ச மரம், இனி என்னத்துக்கு முறுகப் போகுது? ஆனால் ஒண்டு. பனையின்ரை பலம் கறுத்த வெளி வைரத்திலைதான்; உள்சோத்தி பஞ்சு மாதிரி. அதைச் சீவி எறியுங்கோ. துளை போடாமல் ஆணி அடிச்சால் வெடிக்கும். விளிம்பைத் தேய்க்காமல் விட்டால் சிலாம்பு ஏறும். எங்கை ஏறுமெண்டு நான் சொல்லமாட்டன். பெண்பிள்ளையளும் நிக்கினம்.

கடைக்காரர் எறியிற சாமான் தட்டுப் பலகையும் வாய்ப்புத்தான். கப்பல் மரத்திலை பூச்சி ஊர் விட்டு ஊர் போகக் கூடாதெண்டு 2002இலை உலகத்துக்கே ஒரு விதி வைச்சவங்கள். அதாலை பலகையிலை முத்திரை குத்தியிருக்கும். எச்.ரி. எண்டால் 56 பாகைச் சூடு, அரை மணித்தியாலம் வைச்சு எடுத்தது, பயமில்லை. எம்.பி. எண்டால் மருந்துப் புகை அடிச்சது. எம்.பி. எண்டு குத்தியிருக்கிற ஒண்டையும் வீட்டுக்கை விடாதேங்கோ. பலகையைச் சொல்லுறன்.

ஆணி நாகம் பூசினதாய் இருக்கட்டும். உப்புக் காத்துப் பட்டால் வெறும் ஆணி ஒரு மாரிக்குள்ளை கறள் பிடிச்சு அழும். வளைஞ்ச ஆணியை உதிலை எறிஞ்சது ஆர்? தொண்ணூறுகளிலை தடை நேரம், இரும்புச் சாமான் வராத காலம், பழைய கதவிலை கழட்டின ஆணியைக் கல்லிலை வைச்சுத் தட்டித் தட்டி நிமித்தினனாங்கள். பெருவிரல் அப்ப சப்பையானது இன்னும் நிமிரேல்லை.

கால் வெட்டுற விசயம் சொல்லவேணும். முதற்காலை அளந்து வெட்டினியள், சரி. இரண்டாவதை முதலாவதிலை வைச்சுக் கோடு போட்டியள், அதுவும் சரி. மூண்டாவதை இரண்டாவதிலை வைச்சுக் கீறினியள் பாருங்கோ, அங்கைதான் கெட்டது. கிணத்தடியிலை ஒருத்தி தடுமன் எண்டு சொன்னது மூண்டாம் வீட்டுக்குப் போகேக்கை ஆஸ்பத்திரியும் நாலாம் வீட்டிலை செத்தவீடுமாய் நிக்கும். அப்பிடித்தான். எப்பவும் முதற்காலை வைச்சே கீறுங்கோ. இருக்கிற பலகைக்கிடையிலை சின்னிவிரல் நுழையிற இடைவெளி விடுங்கோ, ஐப்பசி கார்த்திகைத் தண்ணி தேங்கக் கூடாது. கால் மண்ணிலை நிக்கப்படாது, கல்லிலை நிக்கவேணும். வெட்டு முகத்தாலை மரம் தண்ணி குடிக்கும். மிச்சத்தைக் கறையான் தின்னும்.

சுவிஸாலை வந்த மருமோன் போனிலை ஒரு சாய்வுக் கதிரை காட்டுறார். அமெரிக்காவிலை அடிரொண்டாக் மலைப்பக்கம், 1903இலை தோமஸ் லீ எண்டவர் வீட்டுச் சனத்தையே இருத்தி இருத்திப் பார்த்து அமைச்சது. ஒரே பலகையிலை பதினொரு துண்டாம். அவர் செய்த மடைத்தனம், அளவை ஹரி பன்னல் எண்ட தச்சுச் சிநேகிதனிட்டைக் குடுத்தது. குளிர்காலத்திலை வேலையில்லாமல் நிக்கிறானெண்டு இரங்கிக் குடுத்தார். அவன் 1905இலை தன்ரை பேரிலை உரிமை எழுதி எடுத்துட்டான். பக்கத்திலை நிக்கிற சிநேகிதனை ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ. அதோடை உந்தக் கதிரையிலை இருக்கலாம், எழும்பேலாது. என்னை இருத்தினியளெண்டால் தூக்க நாலு பேர் வேணும். அது எப்பிடியும் வேணும்தான், ஆனால் அவசரமில்லை.

ஒன்பது பேரும் ஒன்பது மதிலுக்குள்ளை கொண்டுபோய்ப் போடப் போறியள், என்ன? முந்தி வெளிவாசலிலை சங்கடப்படலை இருந்தது. மேலை கூரை, இரண்டு பக்கமும் திண்ணை, தெருவாலை போறவன் களைச்சால் இருக்க. பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் போய்ப் பாருங்கோ, தெருவுக்கே கூரை போட்டு இரு பக்கமும் கல்லுத் திண்ணை. இப்ப ஆறடி மதிலும் அதுக்கு மேலை கமெராவும். படலை போச்சு, சங்கடம் மட்டும் மிஞ்சிக் கிடக்கு.

அதாலை பத்தாவதாய் ஒரு வாங்கு அடியுங்கோ. சந்தி வேப்பமரத்துக்குக் கீழை போடுறதுக்கு. பழகிறதெண்டால் அதிலை பழகுங்கோ; பிழைச்சால் ஊருக்கு, சரிவந்தால் உங்களுக்கு. நீளம் அஞ்சடி. உயரம் பதினேழு அங்குலம், அதுக்குக் கீழை என்ரை முழங்கால் மடியாது. எழுதுறியளோ? கைபிடி வலப்பக்கம் ஒண்டு போதும், ஆனால் அகலமாய், வெத்திலைத் தட்டம் வைக்கிறமாதிரி. அந்த அமெரிக்கன் கதிரையிலை அது ஒண்டுதான் எனக்குப் பிடிச்சது. அதை மட்டும் களவெடுங்கோ.