டோக்கியோ ராத்திரிக்கு ஒத்தை ஆளாக

கேள்வி: டோக்கியோவின் இரவுக் கொண்டாட்டத்துக்குத் தனியாகப் போனால் பார்ப்பவர்கள் பரிதாபப்பட மாட்டார்களா? (கும்பகோணம்)

பதில்: தனியாகச் சாப்பிடுகிறவரிடம் "வீட்டில் ஏதும் சண்டையா?" என்று விசாரிப்பது நம் ஊர்க் கரிசனம். அங்கே எத்தனையோ கடைகள் ஒற்றை ஆளை நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன. சில ராமென் கடைகளில் இருக்கைக்கு இருக்கை பலகைத் தடுப்பு. பக்கத்து ஆள் உறிஞ்சுகிற சத்தம் கேட்கும், முகம் தெரியாது. ஒருவர் மட்டும் பாடுவதற்கென்றே கரோக்கே அறைகள் உண்டு. உங்கள் பாட்டைக் கேட்டு எழுந்து போக ஆளில்லை என்பது கூடுதல் வசதி.

கேள்வி: முதல் ராத்திரி எங்கே போவது? (ராஜபாளையம்)

பதில்: ஷின்ஜூக்கு. ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் ஒமோய்தே யோக்கோச்சோ சந்தில் கரியில் வாட்டும் கோழிக் குச்சிகளோடு வயிற்றைக் கவனியுங்கள். பிறகு கிழக்குப் பக்கம் வந்து கோல்டன் காய். பெட்டிக்கடைகளை மாடி வைத்து அடுக்கியது போல 6 ஒல்லிச் சந்துகளில் 200-க்கும் மேற்பட்ட பார்கள். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தால் 'ஹவுஸ்ஃபுல்'. ஒவ்வொன்றும் அதன் முதலாளியின் கிறுக்கு: ஒன்றில் பழைய பங்க் இசை, இன்னொன்றில் சினிமா. பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' படத்தின் பெயரிலேயே ஒரு பார் இருக்கிறது. 1980-களில் நில விலை வெறிபிடித்து ஏறியபோது இந்தச் சந்துகளை இடித்துக் கோபுரம் கட்டத் துடித்தார்கள். வாடிக்கையாளர்கள் முறைவைத்துக் காவல் காத்தார்கள். குடிப்பவர்களால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் கவனிக்க.

கேள்வி: கேட்காத பண்டத்தை வைத்துவிட்டுக் காசு பிடுங்குகிறார்களாமே? (மதுரை)

பதில்: அது ஒதோஷி. இசகாயா எனும் குடியும் சாப்பாடுமான கடையில் உட்கார்ந்ததும் சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வரும். பில்லில் 300, 500 யென் ஏறும். கோல்டன் காயில் இதற்குப் பதிலாகவோ, இதோடு சேர்த்தோ இருக்கைக் கட்டணம் வாங்கும் பார்கள் உண்டு. 500-லிருந்து 1,000 யென் வரை சகஜம். பல கடைகள் வாசலிலேயே எழுதி வைத்திருக்கும். படித்துவிட்டு ஏறுங்கள். ஆறுதலாக ஒன்று: டிப்ஸ் கிடையாது. மேஜையில் சில்லறை வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள்.

கேள்வி: ஷின்ஜூக்குவின் காபுகிச்சோவில் ஒருவர் சிரித்தபடி வந்து, நல்ல இடம் காட்டுகிறேன் என்றால்? (ஈரோடு)

பதில்: நீங்களும் சிரித்தபடி நடையைக் கட்டுங்கள். போருக்குப் பின் காபுகி நாடக அரங்கம் கட்டப்போவதாகச் சொல்லி அந்தப் பேட்டைக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். அரங்கம் வரவேயில்லை, நாடகம் மட்டும் தெருவில் நடக்கிறது. "ஒரு மணி நேரம், 3,000 யென், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்" என்பது முதல் காட்சி. கடைசிக் காட்சியில் பில் லட்சம் யென்னைத் தாண்டி, வாசலை மறித்துக்கொண்டு ஒரு தடியர் நிற்பார். இப்படிக் கூவி அழைப்பதே அங்கே சட்டப்படி தடை. நம்பிப் போகாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் வேறு சொல்கிறார்கள். அந்த ஒலிபெருக்கியின் கீழேயே நின்று ஆள் பிடிக்கிறார்கள் என்பதுதான் தொழில் நேர்த்தி! நல்ல கடைக்குத் தெருவில் ஆள் நிறுத்தத் தேவையில்லை. மாட்டிக்கொண்டால் 110, போலீஸ்.

கேள்வி: பெண்கள் தனியாகப் போகலாமா? (நாகர்கோவில்)

பதில்: போகிறார்கள். கவுன்டர் இருக்கை, கடைக்காரரின் கண் பார்வை, கையைவிட்டு நகராத கிளாஸ் ஆகிய மூன்றும் போதும். ஆனால் ராத்தங்க, ஆள் படுக்கிற அளவே உள்ள பெட்டி அறைகள் கொண்ட கேப்ஸ்யூல் ஹோட்டல்கள் எல்லாமே பெண்களுக்கு இடம் தருவதில்லை. சிலவற்றில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம். முன்பதிவின்போதே பாருங்கள்.

கேள்வி: விடிய விடிய ரயில் ஓடுமா? (தாம்பரம்)

பதில்: ஓடாது. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கடைசி ரயில் கிளம்பிவிடும். அடுத்தது அதிகாலை 5 மணி வாக்கில். டாக்ஸி உண்டு, கதவு தானாகத் திறக்கும், அதற்குள் மயங்காதீர்கள்: இரவு 10-லிருந்து காலை 5 வரை கட்டணம் 20 சதவீதம் கூடுதல். எனவே உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டே வழி. பன்னிரண்டு மணிக்கு நிலையத்தை நோக்கி ஓடுவது, அல்லது முதல் ரயில் வரும்வரை கரோக்கே அறையில் கிடப்பது.

கேள்வி: நடனம்? (புதுச்சேரி)

பதில்: 1948-ல் போட்ட சட்டத்தின்படி நள்ளிரவுக்குமேல் ஆட அனுமதியில்லாமல் இருந்தது. 2016-லிருந்து விடிய விடிய ஆடலாம், ஆனால் கூடத்தின் வெளிச்சம் 10 லக்ஸுக்குமேல் இருக்க வேண்டும். இருட்டுக்கும் அளவுகோல் வைத்த ஊர் அது.

கேள்வி: நான் சைவம், குடிப்பதும் இல்லை. (மயிலாப்பூர்)

பதில்: ஊலாங் டீ அநேகமாக எல்லாப் பாரிலும் கிடைக்கும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சாப்பாடுதான் சோதனை. அப்பாவியாக வரும் தோஃபுவின் தலையிலும் மீன் சீவல் தூவியிருப்பார்கள். உப்புப் போட்ட எடமாமே, அதாவது இளம் சோயா காய், காப்பாற்றும்.

கேள்வி: பேச்சைத் தொடங்க ஏதாவது வழி? (சேலம்)

பதில்: கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்குமேல் என்றால் 'முத்து' என்று சொல்லிப் பாருங்கள். 1998-ல் ஷிபுயாவில் மாதக்கணக்கில் ஓடிய ரஜினி படம்.

கேள்வி: எதற்கும் மச்சானையும் கூட்டிப் போகட்டுமா? (திருநெல்வேலி)

பதில்: இருவரும் போனால் ஏழு இருக்கையில் இரண்டைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை சொத்துத் தகராறு பேசுவீர்கள். பக்கத்தில் இருப்பவர் மரியாதையாக ஒதுங்கிவிடுவார். டிக்கெட் ஒன்றே போடுங்கள். மச்சானுக்குத் திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம்.