எங்க வச்சு மக்கர் பண்ணுச்சு?

எழுமலையில் டீசல் வண்டி ஏதாவது மக்கர் பண்ணினால் மெக்கானிக் பெரியப்பா உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். டிரைவரை உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, விசாரணையைத் தொடங்குவார். "எங்க வச்சு மக்கர் பண்ணுச்சு?" ஏற்றத்திலா, சமதளத்திலா? லோடு இருந்ததா, காலி வண்டியா? கிளப்பியதுமா, எஞ்சின் சூடேறிய பிறகா? புகை என்ன நிறம்? கடைசியாக எந்த பங்கில் டீசல் போட்டது? இத்தனைக்கும் பதில் வந்த பிறகுதான் ஸ்பானர் அவர் கைக்கு வரும். அவர் எங்களுக்கு ரத்த உறவு இல்லை. ஊர் வழக்கப்படி பெரியப்பா. எண்பதுகளில் அப்பா டெம்போ ஓட்டிய காலத்தில் அவர் கொட்டகையில் நின்று இந்தக் கேள்விகளைக் கேட்டே வளர்ந்தேன்.

அப்பாவுக்குத் தக்காளி, தேங்காய், பருத்தி மூட்டை என்று பருவத்துக்கு ஏற்ற லோடு. உசிலம்பட்டி, செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை வழியாக மதுரைக்குப் போவார். அப்போது காய்கறி மார்க்கெட் மீனாட்சியம்மன் கோயிலை ஒட்டி இருந்தது. விடிவதற்குள் லோடை இறக்கிவிட்டு நெரிசலுக்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டும். இப்போது மார்க்கெட் மாட்டுத்தாவணியில். அப்போதும் இப்போதும் வண்டிக்காரருக்கு இருக்கிற பயம் ஒன்றுதான்: லோடோடு வழியில் நிற்கக் கூடாது. தக்காளி காத்திருக்காது.

அந்த டெம்போவின் டேஷ்போர்டில் ஆயில் பிரஷருக்கு ஒரு சிவப்பு விளக்கு, பேட்டரி சார்ஜுக்கு இன்னொன்று. அவ்வளவுதான். மற்றதையெல்லாம் காது, மூக்கு, கை பார்த்துக்கொண்டன. வண்டி துடித்து ஓடினால் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பெரியப்பா கண்டுபிடிக்கும் விதத்தை இன்று நினைத்தாலும் மனசு நிறைகிறது. எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டபடியே, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை 17-ஆம் நம்பர் ஸ்பானரால் கொஞ்சம் தளர்த்துவார். டீசல் வெளியே பிசிறும். அந்தச் சிலிண்டருக்கு டீசல் போவது நிற்கும். சத்தம் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். எதைத் தளர்த்தும்போது ஓட்டம் மாறவில்லையோ அங்கேதான் கோளாறு. அந்த நாசிலை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி மதுரைக்குக் கொடுத்தனுப்புவார். பம்ப் கடையில் அதை டெஸ்டரில் மாட்டிக் கைநெம்பை அழுத்துவார்கள். மெல்லிய தூவலாக டீசல் வந்தால் சரி, சொட்டினால் மாற்ற வேண்டும். பம்ப் என்றாலே அன்று எங்களுக்கு மைக்கோதான். 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது.

இந்த முறைக்குக் கரண்டு வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். பக்கத்தில் நின்று பார்க்கிற பையனும் கற்றுக்கொள்ளலாம். பெரியப்பா எதையும் மறைத்துச் செய்ததில்லை. டீசலில் காற்றுப் பிடித்தால் பிரைமரை எப்படி அமுக்க வேண்டும், குமிழ் அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை எந்த போல்ட்டைத் தளர்த்திவைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுமலை டிரைவர்கள் எல்லோருக்கும் அத்துபடி.

ஆனால் அவர் புகையைப் பார்த்து நோய் சொன்னதை மட்டும் நான் ஏக்கத்தோடு சொல்ல மாட்டேன். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது நாசில் கோளாறு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெண்புகை என்றால் எரியாத டீசல் அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர். கணிப்பு சரியாகவே இருக்கும். ஆனால் அந்தப் புகையைத்தான் கொட்டகையில் இருந்தவர்களும் வண்டிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களும் சாலையோரப் பள்ளிப் பிள்ளைகளும் சுவாசித்தார்கள். 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்து முதல் பிரிவில் சேர்த்தது.

செக் எஞ்சின் விளக்கு பிறந்ததே இந்தக் காற்றுக்காகத்தான். பலர் அதை வண்டி நிற்கப்போவதன் அறிகுறி என்று நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் காற்று கெட்டபோது, புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் பழுதானால் வண்டியே ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்று 1988 மாடல் கார்களிலிருந்து சட்டம் வந்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் எல்லா கார்களுக்கும் ஒரே வகை 16 முள் சாக்கெட், ஒரே வகைக் குறியீடு என்று ஆனது. இந்தியாவில் பிஎஸ்-4 புகை விதிகளோடு 2010இல் இந்த ஏற்பாட்டின் முதல் கட்டமும் 2013இல் அடுத்த கட்டமும் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6. இதற்கிடையில் பழைய வகை பம்ப் போய் காமன் ரெயில் வந்தது. அன்று நட்டைத் தளர்த்திப் பார்த்த அதே குழாயில் இன்று ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறுகிறது. ஓடும் எஞ்சினில் அந்த நட்டில் ஸ்பானர் வைத்தால் பிசிறும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். விரலே போன சம்பவங்கள் உண்டு. பழைய வித்தையை யாரும் புதிய வண்டியில் முயலக் கூடாது.

போன வருஷம் அக்கா மகனின் பிக்கப்பில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. மல்லப்புரம் தாண்டி மயிலாடும்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில், லோடோடு. விளக்கு எரிந்ததும் புல்லிங் போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் ஏறியது. "மாமா, இறக்கத்துல நல்லா வருது, ஏத்தத்துல மட்டும் செத்துப்போகுது" என்று போனில் சொன்னான். மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டான். ஸ்கேனர் மாட்டினார்கள். பி0299 என்று வந்தது, டர்போ அழுத்தம் போதவில்லை. டர்போவையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக்கொடுத்தார்கள். அதைப் பார்த்து அக்கா அன்று சாப்பிடவில்லை.

வண்டியை எழுமலைக்கே கொண்டுவரச் சொன்னேன். பெரியப்பா இப்போது இல்லை. அதே கொட்டகையை அவர் மகன் நடத்துகிறார். எனக்குத் தம்பி முறை. சொந்தக் காசில் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து சாக்கெட்டில் மாட்டியவர், குறியீட்டோடு நிறுத்தாமல் ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்தார். கோளாறு பதிவான அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று, லோடு எவ்வளவு, வேகம் என்ன, தண்ணீர்ச் சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எடுத்துவைத்த கணக்கு அது. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏற்றமா, சமதளமா, லோடு இருந்ததா, சூடேறியிருந்ததா என்று பெரியப்பா டீ வாங்கிக்கொடுத்துக் கேட்ட அதே கேள்விகளுக்கு வண்டியே பதில் எழுதி வைத்திருந்தது.

"முழு லோடு, கம்மி ஸ்பீடு, ஆர்பிஎம் ஏறிருக்கு. ஏத்தத்துலதான் விழுந்திருக்கு மாப்ள. நிறுத்திவச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார் தம்பி. சொல்லிவிட்டு லைவ் டேட்டாவைக் காட்டினார். ஐடிலிங்கில் இன்டேக் அழுத்தம் 100 கிலோபாஸ்கலை ஒட்டியே நிற்கும். அது வெளிக்காற்றின் அழுத்தம், டர்போ நன்றாக இருந்தாலும் கெட்டிருந்தாலும் அவ்வளவுதான் காட்டும். லோடோடு மிதித்தால்தான் அது மேலே ஏற வேண்டும். அக்கா மகனை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து மல்லப்புரம் ரோட்டில் போய்ப் பார்த்தார். கம்ப்யூட்டர் கேட்கிற அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கிடைக்கிற அழுத்தம் பாதியில் நின்றது.

திரும்பி வந்ததும் டர்போவைத் தொடவில்லை. அழுத்தம் குறைய எத்தனையோ காரணம் இருக்கலாம்: ஏர் ஃபில்டர் அடைப்பு, கிளாம்ப் தளர்வு, ஹோஸ் கிழிசல், மூடாமல் மாட்டிக்கொண்ட இஜிஆர் வால்வு, ஆக்சுவேட்டர், சென்சார். செலவில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்க்க வேண்டும், டர்போ கடைசி. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனார். கிளாம்ப்புக்குக் கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில், விரலில் ஆயில் கசகசப்பு ஒட்டியது. துடைத்துவிட்டு ஹோஸை வளைத்தார். நகம் நீளத்துக்கு ஒரு கீறல் வாய் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. அழுத்தம் ஏறும்போது மட்டும் திறந்து காற்றை வெளியே விட்டிருக்கிறது. ஹோஸும் கிளாம்ப்பும் மாற்றினார், அவ்வளவுதான். டர்போ இன்னும் அதே டர்போ.

குறியீடு பொய் சொல்லவில்லை. அழுத்தம் போதவில்லை என்றது, போதவில்லைதான். எங்கே வலிக்கிறது என்று அது சொன்னது. ஏன் வலிக்கிறது என்று தேட வேண்டியது மனிதன் வேலை. அந்தத் தேடலைத் தவிர்த்துவிட்டு, திரையில் வந்த பெயரில் ஒரு சாமானை மாற்றிவிடுகிற பழக்கம் இன்று பரவிவருவது எனக்கு உண்மையாகவே கோபமூட்டுகிறது. லைட்டு எரிந்தால் அக்காவைப் போன்றவர்களின் ஒரு போக சம்பாத்தியம் போகிறது.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் தெரிந்து சொல்ல விரும்புவது சில உண்டு. ஆயில் பிரஷரின் சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். செக் எஞ்சினின் மஞ்சள் விளக்குக்குப் பதற வேண்டாம், ஆனால் நாள்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது. குறியீட்டை அழிப்பதற்கு முன்னால் அதையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "எரரை டெலீட் பண்ணிட்டேன், போங்க" என்பவர் தடயத்தைத்தான் அழித்திருக்கிறார். கோளாறு உண்மையாகவே சரியாகியிருந்தால் சில ஓட்டங்களில் விளக்கு தானாகவே அணையும். பழைய பிக்கப் வாங்கப் போனால் சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு ஒரு தரம் எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ அதைச் செயலிழக்கச் செய்திருக்கலாம்.

இன்னொன்று எங்கள் பக்கத்துக்கே உரியது. பூ லோடு ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டி வரை போய்த் திரும்புகிற வண்டிகள், தோட்டத்துக்குத் தோட்டம் எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன. சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் உள்ள வண்டியில், அந்தக் கரி சுமார் 600 டிகிரியில்தான் எரிந்து சுத்தமாகும். இத்தகைய குட்டி ஓட்டத்தில் அந்தச் சூடு வருவதில்லை. விளக்கு எரிகிறது. வாரத்தில் ஒருமுறை நான்குவழிச் சாலையில் நிறுத்தாமல் ஒரு அரை மணி ஓட்டினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். டிபிஎஃப்பையே கழற்றி வீசிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்பா காலத்துப் புகையை மறுபடி ஊருக்குள் விட அவர்களுக்கு யாரும் உரிமை தரவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. ஒன்றும் சொல்லத் தெரியாத அந்த டெம்போவை எழுமலையில் யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. தன் நோயை எண்ணில் எழுதிவைக்கிற இந்த வண்டியை முழுசாகப் படிக்கத் தம்பியால் முடியவில்லை. பி0 என்று தொடங்கும் குறியீடுகள் எல்லா நிறுவனத்துக்கும் பொது, அர்த்தம் தெரியும். பி1 என்று தொடங்குபவை அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் குறியீடு. அவற்றின் விளக்கமும் சோதனை முறையும் கம்பெனி மேனுவலில் இருக்கும். வெளி மெக்கானிக்கின் கைக்கு அது எளிதில் வராது.

இது தம்பியின் தனிப்பட்ட குறையல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றை வெளியே கிடைக்கச் செய்யவும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையத்தளமும் தொடங்கியது. அதன் பட்டியலில் வாகனங்களும் விவசாயக் கருவிகளும் உண்டு.

தம்பி இலவசமாக எதுவும் கேட்கவில்லை. சமீபத்தில் ஒரு வண்டியில் பி1 குறியீடு வந்தபோது மதுரையில் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, மேனுவலின் ஒரு பக்கத்தை வாட்ஸ்அப்பில் வாங்கினார். பாதிப் படம் மங்கல். போன் திரையை விரலால் பெரிதாக்கி, வயர் நிறங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். அந்தப் புத்தகத்தை விலைக்குக் கொடுத்தால் நாளைக்கே வாங்கிக்கொள்வேன் என்கிறார்.