வட கரோலினா சட்டசபைக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: மாண்புமிகு பொதுச் சட்டசபை, ராலே, வட கரோலினா, அமெரிக்கா.

பொருள்: பெரிய கம்பெனிகளைச் சின்ன ஊர்களிடமிருந்து காப்பாற்றியமைக்கு நன்றி தெரிவித்தல்.

வில்சன், புகையிலைச் சந்தையால் பேர் வாங்கிய ஊர். சுமார் 50,000 பேர். வேகமான இணையம் வேண்டுமென்று நகராட்சி கம்பெனிகளிடம் கேட்டுப் பார்த்தது, யாரும் அசையவில்லை. மின் விநியோகத்தைச் சொந்தமாக நடத்திப் பழகிய நகராட்சியாயிற்றே! கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, தானே ஃபைபர் இழுத்து, 2008-இல் ‘கிரீன்லைட்’ சேவையைத் தொடங்கிவிட்டது. வில்சனுக்கு வர வழி தெரியாத கம்பெனிகளுக்கு ராலேக்குப் போக மட்டும் வழி தெரிந்திருந்தது.

சட்டசபையும் அவர்களைக் கைவிடவில்லை. வேலைவாய்ப்பையும் முதலீட்டையும் காப்பதற்கென்று தலைப்பிட்டு 2011-இல் ஒரு சட்டம் வந்தது. நகராட்சி தன் எல்லை தாண்டக் கூடாது. அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது. தனியார் கட்டியிருக்கக்கூடிய வரியையும், தான் கட்டாவிட்டாலும், செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வில்சனுக்கு மட்டும் தன் கவுண்டிவரை போகலாமென்று சலுகை. ஆளுநர் பெவ் பெர்டூ கையெழுத்தும் போடவில்லை, தடுக்கவுமில்லை; மசோதா தானாகவே சட்டமாயிற்று. கம்பெனிகள் எந்தக் கிராமத்துக்கு எப்போது வர வேண்டுமென்று கேட்கும் அநாகரிகம் மட்டும் சட்டத்தில் எங்கும் இல்லை.

பக்கத்து எட்ஜ்கோம் கவுண்டியில் சுமார் 1,300 பேர் வாழும் பைன்டாப்ஸ் இருக்கிறது. 2015 பிப்ரவரியில் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் மூன்றுக்கு இரண்டு வாக்கில் அவையின் எல்லைத் தடை செல்லாது என்றது. இரு ஊராரும் கைகோத்தார்கள். 2016-இல் பைன்டாப்ஸுக்கு ஃபைபர் போயிற்று. அதே ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்றது. கம்பத்தில் கம்பி, வீட்டில் பெட்டி, பெட்டியில் எரியும் விளக்கு எல்லாம் தயாராக இருக்க, சேவையை நிறுத்து என்றானது. வில்சனின் இணைப்பை நம்பிச் சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தரம் பிரித்துப் பொதியும் ஆலைக்குப் பணம் போட்டிருந்த ஒரு விவசாயக் குடும்பமும் கையைப் பிசைந்தது. அவை காக்கவிருந்த முதலீட்டில் இது சேர்த்தியில்லை போலும்.

வில்சன் லேசுப்பட்டதல்ல. விற்கத்தானே தடை, சும்மா கொடுக்கத் தடையில்லையே என்று அக்டோபரில் பைன்டாப்ஸுக்கு ஆறு மாதம் இலவச இணையம் அறிவித்தது. காசு வாங்கினால் குற்றம், வாங்காவிட்டால் சட்டப்படி சரி. இப்படியொரு நிலையைச் சந்தைப் பொருளாதாரத்தின் பெயரால் உண்டாக்க எல்லாச் சபைகளாலும் ஆகாது.

2017-இல் அவை மனமிரங்கியது: தனியார் யாரும் ஃபைபரோடு வரும்வரை வில்சன் அங்கே இருக்கலாம், வந்ததும் கிளம்பிவிட வேண்டும். அதாவது, வியாபாரம் நடக்குமென்று நகராட்சி தன் செலவில் நிரூபித்துக் காட்டியபின்.

கடைசியாக ஒரு புகார். பைன்டாப்ஸ் வீடுகளுக்கு மின்சாரமும் வில்சன் நகராட்சியிலிருந்துதான் போகிறது. யாரையும் கேட்காமல் அன்றாடம் கவுண்டி எல்லையைத் தாண்டும் அந்த மின்சாரத்துக்கும் அடுத்த கூட்டத்தொடரில் ஒரு மசோதா கொண்டுவருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
அவையின் நலம்விரும்பிகள்