‘இன்’னா ‘அட்’டா அண்ணாச்சி

கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார், முகூர்த்தம் எப்போது என்று பார்க்கமாட்டார். ‘அட்’ எங்கே, ‘இன்’ எங்கே என்று தேடுவார். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் அண்ணாச்சி வாய்த்திருப்பார். காசு வாங்கமாட்டார், டீ போதும். அந்த டீ ஆறுவதற்குள் மெஷின் நின்றுவிடும்.

அண்ணாச்சிக்கு வேதம் 1930களில் வந்த ரென் அண்ட் மார்ட்டின் இங்கிலீஷ் இலக்கணம். பெரிய ஊருக்கு ‘இன்’, சின்ன ஊருக்கு ‘அட்’ என்று அதில் ஒரு விதி உண்டு. மற்றவர்கள் பரீட்சையோடு மறந்துவிட்டார்கள். இவர் விடவில்லை. சிவகாசி பெரிய ஊரா, சின்ன ஊரா?

“நகராட்சிதானே தம்பி? ‘அட்’ போடுங்க.”

தேசம் முழுக்க வெடியும் தீப்பெட்டியும் காலண்டரும் அனுப்புகிற ஊர், இதுவா சின்ன ஊர் என்று மல்லுக்கட்டிப் பார்த்தேன். மசியவில்லை. வருஷக்கணக்கில் ‘அட் சிவகாசி’ என்றே அடித்தோம். 2021இல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆனது. மேயர் வருவதற்கு முன்னால் அண்ணாச்சி வந்துவிட்டார்.

“தம்பி, இனிமே ‘இன்’ போடலாம்.”

போட்டு வைத்திருந்த லெட்டர்பேட் பிளேட் குப்பைக்குப் போனது.

அதோடு முடிந்ததா? அடுத்து விருதுநகர் சம்பந்தம் ஒன்று வந்தது. மாவட்டத் தலைநகர், ஆனால் நகராட்சி. காமராஜர் பிறந்த ஊரைச் சின்ன ஊர் என்று சொல்ல அண்ணாச்சிக்கே மனசு வரவில்லை. விதியை மீறவும் மனசில்லை. ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று போனவர் இரண்டு நாள் வரவில்லை. பெண் வீட்டார் என் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் மண்டபத்துக்குக் கீழே, முன்னும் பின்னும் எதையும் ஒட்டாமல், ‘விருதுநகர்’ என்று தனி வரியாக அடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

2018இல் தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரைதான் வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. இவர் டீக்கடையில், “ ‘ஃப்ரம்’ போட்டா ‘டு’ வரணும், ‘பிட்வீன்’ போட்டா ‘அண்ட்’ வரணும்” என்று பாடம் நடத்தினார். அடிக்காமல் விட்டது ஊரின் பெருந்தன்மை.

ஆனால் மனுஷர் சொல்வது தப்பாக இருக்காது. புஸ்வாணப் பெட்டி லேபிளில் கம்பி மத்தாப்பால் பற்றவைக்கச் சொல்லும் வரியில் ‘பை’ என்று இருந்தது. செய்கிற ஆளுக்குத்தான் ‘பை’, கருவிக்கு ‘வித்’ என்று பிடித்தார். வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. அன்றைக்கு டீயோடு வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

என்னால் பொறுக்க முடியாதது வேறு. எங்களிடம் பில் போடும் பிள்ளை தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற அம்மாவின் மகள். வடக்கத்தி வியாபாரிகளிடம் போனில் தைரியமாக இங்கிலீஷ் பேசுவாள். பெட்டியில், மேஜையில், வாசலில் என்று ஒரே ‘இல்’லை வைத்து வளர்ந்த நாக்கு, மூன்றுக்கும் மூன்று கேட்கிற பாஷையில் தடுமாறத்தான் செய்யும். ஒருநாள் பார்சல் ‘அட் மண்டே’ வந்து சேரும் என்றாள். “ ‘ஆன் மண்டே’ம்மா! ‘ஆன்’!” என்று அண்ணாச்சி கத்தினார், அந்தப் பக்கம் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரி. சரக்கு சொன்னபடி திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. அந்தப் பிள்ளை மட்டும் அதற்கப்புறம் போன் அடித்தால் என்னிடம் நீட்டிவிடுகிறாள்.

1922இல் இந்தச் சிவகாசியிலிருந்துதான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். ‘இன் கல்கத்தாவா, அட் கல்கத்தாவா, முதலில் அதைச் சொல்லுங்கள்’ என்று ஸ்டேஷனிலேயே ஓர் அண்ணாச்சி மறித்திருந்தால் இந்த ஊரில் இன்னும் வானம் பார்த்த கம்பைத்தான் விதைத்துக்கொண்டிருப்போம்.

அச்சில் ஏறுவதை எவ்வளவு வேண்டுமானாலும் திருத்துங்கள் அண்ணாச்சி, பிளேட் செலவு என்னுடையது. பேசுகிற பிள்ளையை மட்டும் பேச விடுங்கள்.