பதினோரு மாதக் குடித்தனம்

மயிலாப்பூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் என்றால் கோடிக்குக் கீழே பேச்சே கிடையாது. "நியூ ஜெர்ஸியில் இருக்கிற உங்களுக்கு இது எதுக்கு சார்?" என்று வாங்குகிறவரைக் கேட்டுப் பாருங்கள். "டிசம்பர் சீசனுக்கு வந்தா ஹோட்டல்லயா தங்கறது? சபாவுக்கு நடந்து போற தூரத்துல நமக்குன்னு ஒண்ணு வேணுமோல்லியோ" என்பார். பணம் காசை உதறிய தியாகராஜரைக் கேட்டு உருகுவதற்கு ஒரு கோடி செலவு. பக்தி முற்றிவிட்டால் இப்படித்தான்.

மிச்ச மாதங்களுக்கு வீட்டுக் கடனைக் கட்டத்தான் குடித்தனக்காரன் என்று ஒரு ஜீவனைப் படைத்திருக்கிறான் இறைவன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதிலிருந்து நழுவக் கண்டுபிடித்ததுதான் பதினோரு மாத அக்ரிமென்ட். சீசனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது! பொங்கலுக்குக் குடிவரலாம், மார்கழி பிறக்குமுன் மூட்டை கட்டலாம். குடித்தனக்காரனின் பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நடக்கும் நேரம்தான். அதற்காகக் கச்சேரியைத் தள்ளி வைக்க முடியுமா?

அந்தப் பதினோரு மாதமும் முழு வீடு கிடைக்காது. ஒரு ரூமில் பூட்டுத் தொங்கும். உள்ளே உறை போட்ட தம்பூரா, குத்துவிளக்கு, பிளாஸ்டிக் பிரிக்காத மெத்தை. வாடகை இரண்டு பெட்ரூமுக்கு, படுக்கை ஹாலில். ஆணி அடிக்கக் கூடாது. ஓனர் ஜாதி கேட்கமாட்டார், படித்தவர் அல்லவா? "வெஜிடேரியன்தானே?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அட்வான்ஸ் பத்து மாதம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாதென்று 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறதே என்று யாரும் கிளம்ப வேண்டாம். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று அந்தப் பிரிவிலேயே ஒரு வாலும் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் சாவி இல்லை என்றால் எவன் ஒப்புக்கொள்ளமாட்டான்? காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார். வீட்டு வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை வருமான வரிக்காரர்கள் ஏற்கெனவே இவருக்குக் கழித்துக் கொடுத்துவிட்டார்கள்; ஒரு டப்பா பெயின்ட் வாங்கினாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடித்தனக்காரனிடம்தான் சுவரில் இருக்கும் கைரேகைக்குக் கூடக் கணக்கு.

நம் நகரங்களில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. மறு வருடம் மத்திய அரசின் நிபுணர் குழு உட்கார்ந்து, நகரங்களில் சுமார் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று கணக்குச் சொன்னது. பூட்டுகளுக்கு வீட்டு வசதி செய்து கொடுப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர் இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் மூன்று வாரம் கச்சேரி கேட்க வந்தவர்கள் அல்ல. வருடம் முழுக்க வாழ்ந்தவர்கள். அதனால் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவைக் காட்டி இடிக்க வந்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமே வீடு தரலாமே என்ற யோசனை அரசுக்கு வந்தது அதற்குப் பிறகு. அதுவரை சொல்லிக்கொண்டிருந்த இடம் பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அள்ளிக்கொண்டு போனவர்களைக் கொட்டி வைத்திருக்கும் அதே பெரும்பாக்கம். மயிலாப்பூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு யார் வீட்டு வாசலிலாவது கோலம் போட்டாக வேண்டிய பெண், அங்கிருந்து எத்தனை மணிக்குப் பஸ் ஏறுவாள்?

ஓனர் நவம்பரிலேயே வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார்: சீசன் முடியும்வரை பெருக்கித் துடைக்க, பாத்திரம் தேய்க்க ஓர் ஆள் வேண்டுமாம். தூரத்திலிருந்து வருகிறவர்கள் லேட்டாக வருகிறார்களாம், பக்கத்திலேயே குடியிருக்கிறவளாகப் பார்க்கச் சொல்கிறார்.