அளவு ஜாக்கெட்டைக் கொண்டா, அம்முணி

போனைக் கீழ வைக்காத அம்முணி. இப்படி வெளிச்சத்துக்குத் திருப்பு. உங்கம்மா கத்துனா கத்தட்டும், அவளுக்கு நான் பொறவு பதில் சொல்லிக்கறேன். மொதல்ல அந்தப் பொண்ணு போட்டிருக்கற ஜாக்கெட் கையை எப்படி வெட்டியிருக்கான்னு பாக்கோணும். ரெண்டு விரலை வெச்சு இழுத்தா படம் பெருசாகுமே, இழு. ஆங்! பப் கை. தோள்கிட்டச் சுருக்கம் புடிச்சு, முழங்கைக்கு மேல ஒட்டத் தெச்சிருக்கான். இதையா புதுசுன்னு ஓடியாந்தே? இது நம்ம கடைக்குப் பழைய ஒறம்பரை கண்ணு. கோவிச்சுக்கிட்டுப் போவா, பத்து வருசம் கழிச்சுப் பொட்டியோட வந்து நிப்பா.

நான் இந்தத் திண்ணையை விட்டு நகராமலே மூணு ஜில்லாவுல குடியிருந்தவன். பொறந்தப்ப நம்ம கொள்ளேகால் தாலுக்கா கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்துச்சு. 1956 நவம்பர் 1-ந் தேதி மைசூர் ஜில்லான்னாங்க. 1997 ஆகஸ்ட் 15-ல சாமராஜநகர் ஜில்லான்னாங்க. இப்ப நம்ம ஹனூரே தனித் தாலுக்கா. போர்டு எழுதறவன் பொழைச்சான், நான் அதே மெஷினை அதே இடத்துலதான் மிதிக்கறேன். அதனால எதையும் புதுசுன்னு சொல்லி என்னை ஏய்க்க முடியாது.

உங்கம்மா 'எங்க காலத்துல இப்படியா ஆடுனோம்'னு கேக்கறாளே, அவ காலம் பூராவும் என் அளவு நோட்டுல இருக்குது. 'சின்னத்தம்பி' 1991-ல வந்துச்சு. அதுக்கப்பறம் பல வருசம் இந்தத் திண்ணையில வந்து நின்ன பொண்ணுங்கல்லாம் குஷ்பு ஜாக்கெட்டுன்னுதான் வாயைத் தொறக்கும். உங்கம்மா மட்டும் என்ன, பகவத்கீதை படிச்சுக்கிட்டா இருந்தா? கழுத்து எறக்கம் அரை இஞ்சு கொறஞ்சு போச்சுன்னு மூக்கைச் சிந்திட்டுப் போனவ அவ. உங்க பெரியம்மாவுக்கு நதியா. 1985-ல 'பூவே பூச்சூடவா' பார்த்துட்டு வந்தவ, நதியா வளையல், நதியா கம்மல், நதியா பொட்டுன்னு தலையிலேருந்து கால் வரைக்கும் நதியாவா மாறி நின்னா. சாயல் மட்டும் வரலை. அதுக்கு நான் என்ன பண்றது, சாயலைத் தெச்சுத் தர என்கிட்ட ஊசியில்லை.

உங்க அம்மாயி இருக்காளே, அவதான் பெரிய தலை. அவளுக்குச் சரோஜாதேவி. 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965, 'அன்பே வா' 1966. அந்தம்மா பெங்களூர்ல பொறந்தது, சன்னபட்ணா பக்கம் தசவாரம் சொந்த ஊரு. நம்ம கன்னட தேசத்துப் பொண்ணு போயி மெட்ராசையே ஆட்டி வெச்சிருக்குதுன்னு இங்க அல்லாருக்கும் ஒரு பெருமை. 2025 ஜூலை 14-ல அந்தம்மா காலமான அன்னிக்கு உங்க அம்மாயி சோறாக்காம டிவி முன்னாடியே உக்காந்து அழுதா. அழுதது சரோஜாதேவிக்கா, 'அன்பே வா' வந்தப்ப தனக்கிருந்த இடுப்பளவுக்கா? எனக்குத் தெரியும். நோட்டு எங்கிட்ட இருக்குதுல்ல.

ஆக, நீ குடும்பத்தைக் கெடுக்க வந்தவ இல்ல, குடும்பத் தொழிலை எடுத்து நடத்தறவ. உங்கம்மா அதட்டுனா இதைச் சொல்லு. அவளும் ஒரு துணியைப் பழைய சேலைக்குள்ள மடிச்சு எடுத்தாந்து, ஆளில்லாத நேரமாப் பாத்து எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கா. என்ன கைன்னு கேக்காத. தொழில் ரகசியம்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காத. இந்தச் சேலை எங்க வாங்குனே? போன்லயா? என்ன பேரு போட்டு வித்தான்? ஏதோ படத்துல ஏதோ பொண்ணு கட்டுனதா? 2005-ல 'சந்திரமுகி' வந்துச்சு, அந்த வருசம் தீவாளிக்குச் சந்திரமுகி சேலை. எந்தப் படம் ஓடுதோ அந்தப் பேரு. சேலைக்குள்ள இருக்கற நூலு எங்கேருந்து வந்துச்சுன்னு ஆராச்சும் பேரு வெச்சாங்களா? வெள்ளைக்காரன் காலத்துல மெட்ராஸ் ராஜதானியில பட்டுப்புழுச் சீமைன்னா அது நம்ம கொள்ளேகால் தாலுக்காதான். உங்க பாட்டன் வீட்டுத் திண்ணையில, புழு கூடு கட்டற சந்திரிகை தட்டு சாத்தி வெச்சிருப்பாங்க. நீ பொறக்கறதுக்கு முந்தி. நாலு தடவை தோலுரிக்கற வரைக்கும் அந்தப் புழுவுக்கு மல்பெரித் தழை வெட்டிப் போட்டு, பல்லி அண்டாம எறும்பு அண்டாம, நடுராத்திரி எந்திரிச்சுப் பாத்து, இருவத்தஞ்சு நாள் போல வளர்க்கோணும். அப்பறம் அது மூணு நாள்ல தன்னைத்தானே சுத்திக் கூடு கட்டும். நல்ல ரகமா இருந்தா ஒரு கூட்டுல இருக்கற இழை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். அறுபடாத ஒரே இழை. அந்தக் கூட்டை மூட்டை கட்டி ராமநகரம் மார்க்கெட்டுக்குத் தூக்கிட்டுப் போனா, அங்க விலை போட்டதுதான் விலை. 'ஷோலே' படம் எடுத்த பாறையெல்லாம் அங்கதான் இருக்குது. கப்பர்சிங்கைப் பத்தி உலகத்துக்கே தெரியும், கூடு வித்துட்டுக் கையைப் பிசைஞ்சுக்கிட்டு வந்தவனைப் பத்தி அவனோட பொண்டாட்டிக்கு மட்டுந்தான் தெரியும். நம்ம தழை தின்ன புழு, நம்ம புழு கட்டுன கூடு, எங்கெங்கயோ சுத்திட்டு ஒரு நடிகை பேரைப் பூசிக்கிட்டு உன் போனுக்குள்ள வந்து நிக்குது. நீயும் ஆகான்னு வாங்கறே. பொறந்த ஊட்டுப் புள்ளையை அடையாளம் தெரியாம விருந்தாளின்னு காப்பி குடுக்கற கதைதான்.

சோப்புக் கதை இன்னும் வேடிக்கை. மைசூர்ல சந்தன எண்ணெய் ஃபேக்டரி 1916-ல, பெங்களூர்ல சோப்பு 1918-ல. மகாராசா காலத்துச் சரக்கு. அந்த மைசூர் சாண்டல் சோப்புக்கு 2025 மே மாசம் தமன்னாவை விளம்பரத்துக்குப் போட்டாங்க நம்ம சர்க்காரு. ரெண்டு வருசம் ரெண்டு நாளுக்கு 6 கோடியே 20 லட்சம். கன்னடத்துப் பொண்ணு ஒண்ணும் கெடைக்கலையான்னு ஊரே ரெண்டுபட்டுச்சு. நான் அந்தச் சண்டைக்கே போகலை. சாக்பீஸை எடுத்து மேஜை மேலயே கணக்குப் போட்டேன். 732 நாள். நாளொண்ணுக்கு 84,000 ரூவாய்க்கு மேல வருது. அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, வாங்கறா, வாங்கட்டும். நீ போன மாசம் அதே சோப்பைக் கன்னத்துல வெச்சுக்கிட்டு ரீல்ஸ் போட்டியே, உனக்கு எவ்வளவு குடுத்தாங்க? ஒரு சோப்பு? ஒறை? நீ காசு குடுத்து வாங்குன சோப்புக்கு நீயே காசில்லாம விளம்பரம் பண்றே. எல்லாம் அந்தப் போன் பண்ற வசியம். தமிழ்நாட்டுக்காரங்க இன்னமும் செய்வினை வெக்கோணும்னா கொள்ளேகால் மந்திரவாதியைத்தான் தேடறாங்களாம். அவனெல்லாம் எலுமிச்சம்பழம், மயிரு, காலடி மண்ணுன்னு எத்தனை சாமான் கேப்பான்! போன்காரன் ஒண்ணுமே கேக்கறதில்லை. ஒரு ஜிமிக்கியைச் சித்தெ நேரம் நின்னு பாத்துட்டாப் போதும், ஒரு வாரத்துக்கு அந்த ஜிமிக்கி உன்னை விட்டுப் போகாது.

'புஷ்பா' படத்தை ஆறு பேரு சேர்ந்து காரு புடிச்சுப் போயிப் பாத்தீங்களாமே. செம்மரம் கடத்தறவன் தாடியை நீவுனா விசில். கண்ணு, இந்தக் காட்டுல சந்தனமரம் கடத்துனவனை நாங்க டிக்கெட் வாங்காமயே பாத்தோம். அந்தாளு மீசைக்கு அப்பவே ஊர் ஊருக்கு நகல் இருந்துச்சு, தெரியுமா? போலீஸ்காரனும் வெச்சிருந்தான், போலீஸ் தேடறவனும் வெச்சிருந்தான். பஸ்சை நிறுத்திச் சோதனை போடறப்ப எவனை எறக்கறதுன்னு தெரியாம முழிப்பாங்க.

அந்தாளுதான் 2000 ஜூலை 30 ராத்திரி ராஜ்குமாரைத் தூக்கிட்டுப் போனது. ராஜ்குமாரு ஆருங்கறே? பேருக்கு முன்னாடி நம்ம சிங்காநல்லூரைச் சேர்த்து வெச்சிருந்த மனுசன். பொறந்தது தாளவாடிக்குப் பக்கத்துல காஜனூர். தமிழ்நாட்டு எல்லைக்குள்ள பொறந்து கன்னடத்துக்கே தேவரானவர். அவரு ரசிகருங்களைத்தான் தேவருன்னு சொல்லுவாரு, 'அபிமானி தேவருகளே'ன்னு. ரசிகருங்க அவரைத் தேவருன்னாங்க. இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கும்புட்டுக்கிட்டே இருந்ததுல மலை மேல மாதேஸ்வரனுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைச்சிருக்கும். ஆனா அந்த 108 நாளு விளையாட்டில்ல. ரெண்டு ராச்சியமும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. தியேட்டரைச் சாத்திட்டாங்க. தமிழ் பேசற நம்மளை மாதிரி ஆளுங்க வாயைத் தெச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தோம். பஸ்சுல பக்கத்துச் சீட்டுக்காரன் 'யாவூரு'ன்னு கேட்டாக்கூட, அப்பன் பாட்டன் பேசாத சுத்தக் கன்னடத்துல பதில் சொன்னோம். நவம்பர் 15-ல அவரை விட்ட பொறவுதான் தையலைப் பிரிச்சோம். ஒரு நடிகரு காட்டுக்குள்ள போனா, படமே பாக்காதவன் பொழைப்பும் அவருகூடக் காட்டுக்குள்ள போயிருது. அதைத் தெரிஞ்சு வெச்சுக்கோ.

இந்தக் கும்புடறதும் என்னிக்கு எப்படித் திரும்பும்னு சொல்ல முடியாது. குஷ்புவுக்குத் திருச்சிப் பக்கம் கோயில் கட்டுனாங்க, இட்லிக்குப் பேரு வெச்சாங்க. 2005-ல ஒரு பேட்டியில மனசுல பட்டதைச் சொல்லுச்சு அந்தம்மா. உடனே தொடப்பத்தையும் செருப்பையும் தூக்கிட்டு ரோட்டுக்கு வந்தாங்க, ஊர் ஊரா வழக்குப் போட்டாங்க. அத்தனை வழக்கையும் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்றதுக்கு 2010 ஆயிப்போச்சு. இட்லி மட்டும் ஒரு கட்சியிலயும் சேராம அதே பேரோட வித்துச்சு. மேல்கோட்டையில பொறந்த ஜெயலலிதா அம்மா கதையும் உனக்குத் தெரியும். 'வெண்ணிற ஆடை' 1965. அந்தம்மா ஊட்டுல 1996-ல சோதனை போட்டப்ப சேலை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல, செருப்பு 750 ஜோடி. உடுத்திக்கறதுக்கு வாங்குன சேலை கோர்ட்டுல சாட்சியாயிப் போச்சு. அரசியல் பேச நமக்கு வயசில்ல, ஆனா எனக்கு ஒரே ஆத்தாமை. பத்தாயிரம் சேலைன்னா பத்தாயிரம் ஜாக்கெட்! எந்தப் புண்ணியவான் தெச்சானோ! நம்ம ஊருப் பக்கம் ஒரு நூறு தள்ளி விட்டிருந்தா இந்த ஓட்டை மாத்தித் தார்சு போட்டிருப்பேன்.

சிரிக்கறயா, சிரி. ஒரு விசயத்துல மட்டும் உன்னை நான் கிண்டல் பண்ண மாட்டேன். 2021 அக்டோபர் 29-ல ராஜ்குமாரு மகன் புனித் போனாரு. அவங்கப்பா மாதிரியே கண்ணைக் குடுத்துட்டுப் போனாரு, அதை வெச்சு நாலு பேருக்குப் பார்வை வந்துச்சு. அதைக் கேட்டுட்டு ஊர் ஊரா சனங்க வரிசையில நின்னு கண்ணுக்கு எழுதிக் குடுத்தாங்க. நீயும் அதுக்குண்டான வயசு வந்ததும் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்னு கேள்விப்பட்டேன். அவரு படத்துல ஆடுன ஆட்டம் உனக்கு வந்துச்சோ இல்லையோ, இது வந்துச்சு. எங்கண்ணை எடுத்துக்குவாங்களான்னு கேட்டுச் சொல்லு. ஊசியில நூல் கோக்க ஆகாத கண்ணு, ஆனா இந்த மாதிரி பப் கையை வாசப்படியிலயே கண்டுபுடிக்கற கண்ணு.

சரி, வேலைக்கு வருவோம். அந்தப் போட்டோவுல அந்தப் பொண்ணுக்கு ஜாக்கெட் ஒரு சுருக்கமில்லாம நிக்குதே, எப்படின்னு நெனைக்கறே? பின்னாடி திருப்பிப் பாத்தியா? திருப்ப மாட்டான். முதுகுல வரிசையா ஊக்கு குத்தியிருப்பாங்க. ஒரு பாட்டு முடியற வரைக்கும் அது நின்னாப் போதும். அந்தப் பொண்ணு கையைத் தூக்கோணும்னா 'கட்' சொல்லிட்டுத் தூக்கும். உனக்கு ஆரு கட் சொல்லுவாங்க? நீ காலையில எந்திரிச்சு ரெண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, கொள்ளேகால் காலேஜுக்கு ஓடி, பஸ்சுல மேல் கம்பியைப் புடிச்சுத் தொங்கோணும். 2023 ஜூன் 11-லேருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னாங்க, அன்னிலேருந்து அந்தப் பஸ்சுல உக்கார எடமும் இல்ல. மிச்சமான பஸ் காசு எங்க போகுதுன்னு உன் உதட்டைப் பாத்தாத் தெரியுது. அவங்க ஏர்ப்போர்ட் லுக்குன்னு ஒண்ணு போடறாங்களாமே? நான் உனக்கு ஹனூர் பஸ் ஸ்டாண்டு லுக் தெச்சுத் தர்றேன். பப் கை கேட்டே, பப் கை வெக்கறேன். அக்குள்ல மட்டும் அரை இஞ்சு கூடுதலா விட்டு, உள்ளாரத் துணியை மடிச்சு வெப்பேன். எந்த நடிகையும் அதைக் காட்ட மாட்டா, நீயும் ஆருக்கும் சொல்ல வேண்டாம்.

துணி பத்தாது. எம்பது சென்டிமீட்டருன்னு எவன் சொன்னான்? சுருக்கக் கைன்னா ஒரு மீட்டரு வேணும். லைனிங் துணியைத் தண்ணியில நனைச்சுக் காய வெச்சுக் கொண்டா. ஆரி ஒர்க்கெல்லாம் எங்கிட்டக் கெடையாது. ஜாக்கெட் முந்நூறு ரூவாய்க்கும் அதுல ஒட்டற மணி மூவாயிரத்துக்கும் ஆகற கணக்கு எனக்குப் புரியறதில்ல. பழைய அளவை நம்பித் தெக்க மாட்டேன். நீ ரெண்டு கல்யாணச் சோறு தின்னுட்டு வந்து என் கத்திரியைத் திட்டுவே. அதனால அளவு ஜாக்கெட்டைக் கொண்டா. பாதிக் கூலி முன்னாடி. மாதேஸ்வரன் மலைத் தீவாளி ஜாத்திரைக்கு வேணும்னா இந்த வாரத்துக்குள்ள குடுத்துரோணும். நோம்பிக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப வந்து நின்னேன்னு வெய்யி, கை வெக்க நேரமிருக்காது, கையில்லாமத்தான் குடுப்பேன். ஏதாச்சும் ஒரு நடிகை அப்படிப் போட்ட படத்தை நீயே தேடி எடுத்து உங்கம்மாகிட்டக் காட்டிச் சமாளிச்சுக்கோ.